சீவாளிக்கு முதல் தண்ணீர்

என் மேசை மேல் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க வாங்குகிற அளவுதான். விளிம்பில் ஒரு நெளிவு. பக்கவாட்டில், எந்தக் காலத்திலோ எந்தக் கல்யாணத்துக்கோ அதை அன்பளிப்பாகக் கொடுத்தவரின் பெயர் வெட்டியிருக்கிறது. பாதி எழுத்து தேய்ந்துவிட்டது. திருமங்கலத்தில் எங்கள் டயாலிசிஸ் மையத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் அதில் பேனா போட்டு வைக்கப் பார்ப்பார்கள். நான் போடுகிற சத்தத்தில் பேனா தானாக வெளியே வந்துவிடும். ஒரு டம்ளருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். இது யாருடைய டம்ளர், அதில் யார் தண்ணீர் குடித்தது என்பதைச் சொல்லிவிட்டால் எனக்கும் பாரம் குறையும்.

முன்பு நான் மதுரையில் ஒரு மருத்துவமனையில் இதே வேலையில் இருந்தேன். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை மிஷினில் விட்டுச் சுத்தம் செய்து திருப்பி உடம்புக்குள் அனுப்புகிற வேலை. எங்களிடம் வருகிறவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியே போகாது. உள்ளேயே தங்கி முதலில் காலை வீங்க வைக்கும், பிறகு நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும். அதனால் நாளெல்லாம் அளந்துதான் குடிக்க வேண்டும். மதுரை வெயிலில் இதைச் சொல்வது சுலபம், செய்வது கொடுமை. வந்தவுடன் எல்லோரையும் எடைமிஷினில் ஏற்றுவோம். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் கூடியிருக்கிற எடை முழுக்கத் தண்ணீர்தான். நான் அந்த மிஷினுக்குப் பக்கத்தில் போலீஸ்காரி மாதிரி நிற்பேன். "நேத்து எங்க கல்யாணம்? பாயசம் எம்புட்டு?" என்று கேட்டால் பெரிய மீசைக்காரர்களே தலையைச் சொறிவார்கள். எனக்குத் தராசு சிஸ்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

நாயனக்கார அக்கா முதல் நாள் சக்கர நாற்காலியில் வந்தார். அவருடைய வீட்டுக்காரர், தவில் வாசிக்கிற பருத்த மனிதர், மனைவியின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். பெயரைக் கேட்டேன். முழுப் பெயரையும் ஒரு மூச்சில் சொல்ல அக்காவால் முடியவில்லை. பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மீதியைச் சொன்னார். மதுரையைச் சுற்றி எத்தனையோ கல்யாணங்களில் நாதஸ்வரம் வாசித்த வாய் அது. வருஷக்கணக்காக ரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டதில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிருந்தன. கடைசியாக வாசித்த முகூர்த்தத்தில் தாலி கட்டுகிற நேரத்துக்கு மூச்சு நின்றுவிட்டதாம். கெட்டிமேளம் என்பதால் தவில் அடித்த அடியில் நாயனம் ஓய்ந்தது கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. "எனக்குத் தெரிஞ்சது சிஸ்டர். கையி பாட்டுக்கு அடிக்குது, கண்ணு இவ மேலயே நிக்குது" என்று தவில்காரர் சொன்னார். சொல்லும்போது அந்தப் பருத்த உடம்பு குலுங்கியது. எனக்கும் கண் கலங்கியது. அதை மறைக்க, வராண்டாவில் செருப்போடு நிற்கக் கூடாது என்று அவரை அதட்டினேன்.

மிஷினோடு இணைக்க ஏற்ற மாதிரி கையில் ஒரு சின்ன அறுவை செய்து ரத்தக்குழாயைத் தடிக்க வைப்பார்கள். வழக்கமாக இடது கையில்தான் செய்வார்கள். டாக்டர் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அக்காவிடமும் கேட்டார், எந்தக் கையால் எழுதுவீர்கள் என்று. "எழுதுறதுக்கு ஒரு கை போதும் டாக்டர். வாசிக்கிறதுக்கு ரெண்டும் வேணும். எதை எடுத்தாலும் பாதி நாயனம் போயிரும்" என்றார் அக்கா. டாக்டர் பேனாவை மூடிவிட்டு அந்தக் கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு விரல்களுக்குப் போகிற ரத்தம் குறையாதபடி பார்த்துச் செய்வதாக வாக்குக் கொடுத்தார். இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே செய்தார்கள். ஆறிய பிறகு அந்த இடத்தில் விரலை வைத்தால் விர்ரென்று அதிரும். காதருகே கொண்டுபோனால் இடைவிடாமல் ஒரு இரைச்சல் கேட்கும். அது நின்றால் குழாய் அடைத்துவிட்டது என்று பொருள். அதனால் தினமும் கேட்டுப் பார்க்கச் சொல்வோம். பலருக்கு அந்தச் சத்தமே பயம், தலையணைக்கு மேல் கையை வைக்க மாட்டார்கள். அக்கா கையைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் நான் முதல்முதலாகப் பார்த்த சிரிப்பு வந்தது. "கையிலயே ஒத்து வச்சு விட்டாக சிஸ்டரு. இனிமே சுருதிப் பொட்டி எதுக்கு?" என்றார். நாயனத்துக்குப் பக்கத்தில் ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருக்கிற குழலுக்கு ஒத்து என்று பெயர் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

டம்ளர் அதன் பிறகுதான் வந்தது. ஒரு நாள் எடை வழக்கத்தைவிடக் கூடியிருந்தது. ஊசி குத்திப் படுக்க வைத்துவிட்டுத் திரும்பினால் படுக்கை ஓரத்து அலமாரி மேல் இந்த டம்ளர், நிறையத் தண்ணீர். எனக்கு வந்ததே கோபம். "என் கண்ணு முன்னாடியேவா?" என்று கத்தினேன். அக்கா பதறவில்லை. "அது எனக்கில்ல சிஸ்டரு, அதுக்கு" என்று டம்ளரைக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்குள் பழைய வைக்கோல் துண்டு மாதிரி ஏதோ கிடந்தது. அதுதான் சீவாளி. நாயனத்தின் நுனியில் செருகி வாயில் வைத்து ஊதுகிற சின்ன நாக்கு. கொறுக்கை என்கிற நாணல் தட்டையில் செய்வார்களாம். காய்ந்தால் பேசாது, எப்போதும் ஈரம் வேண்டும். வாசிக்கிறவரின் எச்சிலே அதற்குப் போதும். ஆனால் எங்கள் ஆட்களின் வாயில் எச்சில் ஏது? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "டாக்டரு எனக்கு ஒரு நாளைக்கு இம்புட்டுதான் தண்ணின்னு சொல்லிட்டாரு. அதுல சீவாளிக்கு முதல்ல ஊத்திருவேன். மிச்சந்தான் எனக்கு" என்றார். ஊற வைத்த தண்ணீரைக் குடிக்காமல் வீட்டு வாசலில் செடிக்கு ஊற்றிவிடுவாராம். எடை கூடியதற்குக் காரணம் வேறு. வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிவந்த தர்ப்பூசணி. அந்தப் பாட்டை அவர் தனியாக என்னிடம் வாங்கிக்கொண்டார்.

மிஷினில் இருக்கிற நேரமெல்லாம் ஊசி குத்திய இடது கையை அசைக்கக் கூடாது. வலது கை சும்மா இருக்காது. கட்டில் கம்பி மேல் விரல்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதே கட்டிலில் மத்தியான முறைக்கு வருகிறவர் அத்தர் கடை வைத்திருந்த பாய், பழைய மதுரைக்குள் குடியிருப்பவர். எப்போதும் சீக்கிரமே வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா இறங்க, அவர் ஏறுவார். ஒரு நாள், "என்னம்மா, எப்பவும் பாதிப் பாட்டுத்தான் வருது போல?" என்று கேட்டார். "மீதி அந்தக் கையில கெடக்கு பாய். வீட்டுக்குப் போயித்தான் எடுக்கணும்" என்றார் அக்கா. இருவருக்குள்ளும் அதுவே வாடிக்கைப் பேச்சாகிவிட்டது.

சிரிப்பே இல்லாத வார்டு அது. ஒரு காலையில் கீச்சென்று ஒரு சத்தம். மிஷின் அலாரம் என்று நினைத்து நான் ஓடினேன். முதல் கட்டில், இரண்டாம் கட்டில், எல்லா மிஷினும் சரியாக ஓடுகிறது. திரும்பவும் கீச். கூட வேலை பார்க்கிற டெக்னீஷியன் பையன் பிளக்கைப் பிடித்துப் பார்க்கிறான். மூன்றாவது தடவை கீச்சிட்டபோதுதான் பார்த்தேன், அக்கா சீவாளியை மட்டும் வாயில் வைத்துக்கொண்டு, போர்வையால் பாதி முகத்தை மூடி, திருடி மாதிரி முழிக்கிறார். ஈரம் ஏறியிருக்கிறதா என்று சோதித்தாராம். கட்டிலுக்குக் கட்டில் சிரிப்பு பரவியது. நானும் சிரித்துவிட்டு, சிரித்ததற்கும் சேர்த்து அவரைத் திட்டினேன். அன்றிலிருந்து மிஷின் உண்மையிலேயே அலறினால்கூட, "நாயனக்காரம்மா, போதும் தாயி" என்று யாராவது குரல் கொடுப்பார்கள்.

ஊதுவதற்கு டாக்டர் பல மாதம் சம்மதிக்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். அந்தச் சமயத்தில்தான் செல்லூரில் அக்கா குடியிருந்த தெருவின் பால்குடம் வந்தது. வைகைக் கரையில் குடத்தில் பால் நிறைத்து, விசைத்தறிகளை நிறுத்திய சந்துகள் வழியாகக் காலை வெயிலில் அம்மன் கோவிலுக்கு நடந்து வருவார்கள். கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து முன்னால் போகிற நாயனம் அக்காவுடையது. நோய் வந்த பிறகு கோவில் தலைவர் வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மூச்சு முட்டுகிற பெண்ணை வெயிலில் நடக்கவிட யாருக்கு மனம் வரும்? ஆனால் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வருசமும் வேற ஆளு முன்னால போனாக்க, தெருவுக்கு அது பழகிப் போகும் சிஸ்டரு. பெறகு நான் நோயாளிதான். நாயனக்காரி இல்ல." டாக்டரிடம் நானே போய்ப் பேசினேன். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியோடு நான் கூடவே நடப்பதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் தலையாட்டினார். கோவில் தலைவரும் அரை மனதோடு, பாதி வழியில் மாற இன்னொரு நாயனத்தைத் தயாராக வைத்துக்கொண்டு சம்மதித்தார்.

இன்னொரு சிக்கல். பால்குடம் வெள்ளிக்கிழமை காலை. அக்காவின் டயாலிசிஸும் வெள்ளிக்கிழமை காலை. மத்தியானம் அந்தக் கட்டில் பாயுடையது. நான் கேட்பதற்கு முன்பே, "நான் காலையில வந்துர்றேன். ஜும்மாவுக்கு முன்னாடி முடிஞ்சா எனக்கும் வசதிதானே" என்றார் பாய். வசதியாவது ஒன்றாவது. மிஷினிலிருந்து இறங்கினால் பல மணி நேரம் எழுந்திருக்க முடியாத உடம்பு அது. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். "நோன்பு புடிச்ச ஆளும்மா நானு. தாகம்னா என்னன்னு எனக்குத் தெரியும். போயி வாசிங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

வெள்ளிக்கிழமை. நான் லீவு போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் அக்காவுக்குப் பக்கத்தில் நடந்தேன். மஞ்சள் சேலைகளும் பால்குடங்களும் பின்னால். ஊர்வலம் புறப்படும்போது வாசிக்கிற மல்லாரியை ஆற்றங்கரையில் எடுத்தபோது ஒலி கொஞ்சம் கம்மியாகத்தான் வந்தது. மாற்று நாயனக்காரர் குழலைத் துடைத்துத் தயாராகவே வந்தார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்; பாவம், அவர் என்ன செய்வார். முதல் சந்தில் திரும்பியதும்தான் நான் யோசிக்காத ஆபத்து எதிரே வந்தது. பால்குடம் எடுப்பவர்களின் காலில் தண்ணீர் ஊற்றுவதும், மேளக்காரர்களுக்கு மோரும் பானகமும் கொடுப்பதும் அந்தத் தெரு வழக்கம். வீட்டுக்கு வீடு சொம்போடு நிற்கிறார்கள். வாங்கிக் குடித்தால்தான் கொடுத்தவர்களுக்கு மனசு நிறையும். வேண்டாமென்று கையை ஆட்டினால் அந்த வீட்டுப் பெண்ணின் முகம் சுண்டிவிடும், அம்மன் வேலையாக வந்தவள் நம் வீட்டில் கை நனைக்கவில்லை என்று. முதல் வீட்டுப் பெண் பானகத்தை நீட்டினாள். அக்காவின் உதடு வெடித்திருந்தது. புதன்கிழமையிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டு வந்தவர். கை நீண்டது. "அக்கா!" என்று நான் கூட்டத்துக்குள் கத்தினேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம், "இனிப்பு வேண்டாந் தாயி. பச்சத்தண்ணி ஒரு டம்ளரு குடு" என்றார். அவள் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அக்கா சீவாளியைக் கழற்றி அந்தத் தண்ணீரில் முக்கினார். டம்ளரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு திரும்பித் தன் வீட்டுக்காரரிடம் நீட்டினார். தவில்காரர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். கொடுத்தவள் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த வாசலுக்குள் செய்தி போய்விட்டது போல, மோர்ச்சொம்பு வைத்திருந்தவர்களெல்லாம் உள்ளே ஓடிப் பச்சைத்தண்ணீரோடு வந்து நின்றார்கள். "அக்காளுக்கு எங்க வீட்டுத் தண்ணி!" வாசலுக்கு வாசல் சீவாளி முங்கி எழுந்தது. வாசலுக்கு வாசல் ஒலி தெளிந்தது. எது அவரைக் கொன்றுவிடும் என்று நான் நடுங்கினேனோ அதைத் தெரு அள்ளி அள்ளிக் கொடுக்க, அக்கா ஒரு சொட்டும் விழுங்காமல் அத்தனையையும் வாங்கிக்கொண்டார். நிழலில் நிறுத்தி வலது கையில் அழுத்தம் பார்க்கும்போதெல்லாம் எனக்குத்தான் படபடப்பு. அவருக்கு இல்லை.

அக்கா குடிக்காததை எல்லாம் குடித்தது ஒரு வயிறுதானே. கோவில் தெருமுனைக்கு வந்தபோது தவில்காரர் நெளிய ஆரம்பித்தார். "ஏத்தா, எனக்கு முட்டிக்கிட்டு நிக்குது, தாங்காது" என்று சொல்லிவிட்டுத் தவிலைக் கழற்றி என் கையில் திணித்து, பக்கத்துத் தறிக்காரர் வீட்டுக்குள் பாய்ந்தார். பால்குடங்கள் நின்றன. கோவில் வாசல் கண்ணெதிரே. மாற்று நாயனக்காரர் ஒரு அடி முன்னால் வைத்தார். தவில் இல்லை. தறிச் சத்தமும் இல்லை. கல்யாணத்தில் ஓய்ந்த மூச்சைத் தவில் மூடியது. இன்று மூடுவதற்கு எதுவுமே இல்லை.

அக்கா தனியாக எடுத்தார். ஆனந்தபைரவி என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ராகமெல்லாம் தெரியாது, மூச்சு தெரியும். அந்த மூச்சை எண்ணி எண்ணிக் காப்பாற்றியவள் நான். கீழே தொடங்கி மெல்ல ஏறி, மேலே போய் ஒரு இடத்தில் நின்றது. நின்றது என்றால் விடவே இல்லை. மாடியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் தவிலைக் கட்டிக்கொண்டு, விட்டுவிடு அக்கா, போதும் அக்கா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவர் விடவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கண் நேராக அம்மனைப் பார்க்க, அந்த ஒற்றைச் சுரம் தெரு முழுக்க நிறைந்து நின்றது. இறங்கி வந்தபோது ஒரு பெண் குலவை போட்டாள். தெருவே சேர்ந்துகொண்டது. மாற்று நாயனக்காரர் தன் குழலை உறையில் போட்டுக் கட்டிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்த தவில்காரர், "என்னாச்சு, என்னாச்சு?" என்று என்னையே கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். கோவில் தலைவர் மாலையை அக்காவின் நாயனத்துக்குப் போட்டு, "வார வருசத்துக்கும் இப்பவே சொல்லிப்புட்டேன். வேற ஊருக்கு ஒத்துக்கிறாத தாயி" என்றார்.

அங்கிருந்து ஆட்டோவில் நேரே ஆஸ்பத்திரி. மஞ்சளும் குங்குமமுமாக அக்கா எடைமிஷினில் ஏறினார். முள்ளை நம்பாமல் இறக்கித் திரும்ப ஏற்றினேன். எங்களிடம் வரத் தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு குறைவாக எடை கூடியதே இல்லை. யாருக்கும் நல்ல வார்த்தை சொல்லிப் பழகாத வாய் எனக்கு. அன்று வார்டுக்கே கேட்கும்படி எண்ணைச் சொன்னேன். வெளியே பெஞ்சில் பாய் படுத்திருந்தார். காலையிலேயே முடித்துத் தொழுகைக்கும் போய்விட்டு, வீட்டுக்குப் போகாமல் திரும்ப வந்திருக்கிறார். தலையை மட்டும் தூக்கி, "என்னம்மா, முழுப் பாட்டும் வந்துச்சா?" என்று கேட்டார். "வந்துச்சு பாய்" என்றார் அக்கா. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

பிறகு நான் சொந்த ஊர்ப் பக்கம் வேண்டுமென்று திருமங்கலத்துக்கு வந்துவிட்டேன். இந்த மையம் திறந்த அன்று அக்காதான் நாயனம். இன்றும் மிஷினுக்குத்தான் போகிறார், இன்றும் அளந்த தண்ணீர்தான். பால்குடத்துக்கு முன்னால் போவதும் அவர்தான். அந்தத் திறப்பு நாளில் வாசல் பந்தலில் வாசித்துக்கொண்டிருந்தவரிடம் ஒரு டம்ளர் பச்சைத்தண்ணீர் கொண்டுபோனேன். சிரித்துக்கொண்டே பையிலிருந்து தன் சின்ன டம்ளரை எடுத்து அதில் ஊற்றச் சொன்னார். சீவாளியை முக்கினார், கண்ணில் ஒற்றினார், பழக்கத்தில் பக்கவாட்டில் நீட்டினார். தவில்காரர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, "இன்னிக்கு என்னைய விட்ரு ஆத்தா, பஸ்ஸுல போகணும்" என்றார். அக்கா டம்ளரை என் பக்கம் திருப்பினார்.

"நீ குடி சிஸ்டரு. இது எம் பங்கு."

அத்தனை வருஷமும் அவருடைய தண்ணீரை அளந்தவள் நான். மையத்துக்கு வந்திருந்த புது நோயாளிகள், ஒட்டிய நாக்கோடு, பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தேன். டம்ளரைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அவரும் கேட்கவில்லை.